செயலி கடைசியில் வரட்டும்: பினாங்கில் பெண்களுக்கும் இளையோருக்கும் கைப்பேசி வழி விவசாய ஆலோசனையைத் தொடங்குவது எப்படி

நிபோங் தெபால், சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ செடி கொடி வளர்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு ஒரு இடத்தில் வந்து நிற்கும்: “ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுடலாமே!” போட்டும்விடுவார்கள். முதல் வாரம் மிளகாய்ச் செடிப் படங்கள் வரும். அடுத்த வாரம் யாரோ ஒருவர் தமிழ்நாட்டு வீடியோ ஒன்றை அனுப்புவார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் காலை வணக்கமும் ராசிபலனும்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மிளகாய்ச் செடி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு குழுவை நடத்த முன்வந்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் சங்கத்து இளைஞராக இருக்கலாம், மாதர் குழு அக்காவாக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். விவசாயப் பட்டம் தேவையில்லை. ஆனால் எந்தச் செயலி நல்லது என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். அது கடைசியில் கேட்க வேண்டியது. செடியைத் தினமும் பார்ப்பவர் யார், உரம் மருந்து வாங்க முடிவெடுப்பவர் யார், போன் யார் கையில் இருக்கிறது? இந்த மூன்றும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. ஆலோசனை அங்கேதான் வழி தவறுகிறது.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே அளவு நிலத்தில் பெண்கள் நடத்தும் பண்ணைக்கும் ஆண்கள் நடத்தும் பண்ணைக்கும் விளைச்சல் திறனில் 24 சதவீத இடைவெளி இருப்பதாகச் சொல்கிறது. பெண்களுக்கு உழைப்போ அறிவோ குறைவு என்பதால் வந்த இடைவெளி இல்லை அது. நிலம், கடன், கருவி, தகவல் எல்லாம் அவர்களிடம் தாமதமாகவும் குறைவாகவும் போய்ச் சேருவதால் வந்தது. 2026-ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது, அதனால் மேடைப் பேச்சுக்குக் குறைவிருக்காது. நாம் கொல்லைப்பக்கம் போவோம்.

முதல் வேலை: வீடு வீடாகக் கேளுங்கள்

குழு தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நேரில் போங்கள். கூகுள் படிவம் வேண்டாம். படிவத்தை மகன் நிரப்புவான், செடியைப் பார்ப்பது அம்மாவாக இருக்கும்.

என்ன பயிர், எத்தனை பை அல்லது எத்தனை வரிசை என்று கேளுங்கள். அப்புறம் நிலம் யாருடையது என்று பக்குவமாக விசாரியுங்கள். இது நம்மவர்களிடம் கேட்கத் தயங்கும் கேள்வி. ஆனால் கேட்காமல் ஆலோசனை சொல்ல முடியாது. சொந்த கிராந்து (நிலப் பட்டா) உள்ளவர் இருப்பார். ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் இருப்பவர் இருப்பார். பழைய எஸ்டேட் ஓரத்தில் வாய்வார்த்தை அனுமதியில் காய்கறி போடுபவரும், மின்கம்பிப் பாதைக்குக் கீழே மரவள்ளி வைத்திருப்பவரும் இருப்பார்கள். அடுத்த வருடம் அந்த இடம் கையில் இருக்குமா என்று தெரியாத அக்காவிடம் டுரியான் கன்று வைக்கச் சொல்வதும், சொட்டு நீர்க் குழாய் பதிக்கச் சொல்வதும் அவருடைய பணத்தை மண்ணில் போடுவதாகும். அவருக்குப் பைகளில் வளர்ப்பதுதான் சரி. துரத்தினால் தூக்கிக்கொண்டு போகலாம்.

பிறகு போன். “உங்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “நேற்று ராத்திரி அது யார் கையில் இருந்தது?” என்று கேளுங்கள். பிள்ளை கேம் விளையாடிக்கொண்டிருந்தான் என்பது தெரியவரும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிடுமா, எந்த நேரம் கை ஓயும் என்பதும் முக்கியம். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் தொழிற்சாலை ஷிப்ட் பார்க்கும் பெண்கள் பலர் செடியும் வளர்க்கிறார்கள். அவர்களுக்குக் காலை 10 மணி என்பது தூங்கும் நேரமாக இருக்கலாம்.

படிக்கும் மொழியும் வீட்டுக்குள்ளேயே மாறும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அம்மா தமிழை வேகமாகப் படிப்பார், மலாயில் வரும் அரசாங்கக் கடிதத்தில் தடுமாறுவார். மகனோ மகளோ மலாய் சரளமாகப் படிப்பார்கள், தமிழை எழுத்துக் கூட்டுவார்கள். இதைக் குறையாகப் பார்க்காமல் ஜோடியாக்கிவிடுங்கள். செடியைப் பார்ப்பது அம்மா, சுற்றறிக்கையைப் படிப்பது பிள்ளை. ஆனால் குழுவில் அம்மாவின் எண் தனியாக இருக்கட்டும். மகன் எண் மட்டும் இருந்தால், அவன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் நாளில் ஆலோசனையும் பஸ் ஏறிவிடும்.

கணவருக்கு ஒப்புதல் இல்லாத வீட்டில் மறைவாகக் குழுவில் சேர்க்காதீர்கள், வம்பு வரும். அவரையும் ஒருமுறை பார்த்து, இது என்ன, யார் நடத்துகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

ஒரு பயிர், ஒரு முடிவு

எல்லாப் பயிருக்கும் எல்லா ஆலோசனையும் என்று தொடங்கினால் உங்களால் தாங்க முடியாது. உங்கள் பட்டியலில் அதிகம் பேர் வளர்ப்பது எதுவோ அதை எடுங்கள். அவர்கள் தினமும் தனியாக எடுக்கும் ஒரு முடிவுக்கு மட்டும் முதலில் உதவுங்கள்: “இன்றைக்குத் தெளிக்கலாமா?”, “இந்த வாரம் பறித்து விற்கலாமா?”

என் யோசனை, சீக்கிரம் பலன் தெரியும் பயிரோடு ஆரம்பியுங்கள். கீரை 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டை விதைத்த 45, 50 நாளில் காய்க்கும். நம் வியாபாரம் பண்டிகையை ஒட்டி ஓடுவதால் நாள் கணக்கே நல்ல முதல் ஆலோசனையாகும். பொங்கலுக்கு வெண்டை விற்க வேண்டுமென்றால் நவம்பர் கடைசி வாரத்தில் விதை மண்ணில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல எந்தச் செயலியும் வேண்டாம், நவம்பர் நடுவில் ஒரு குரல் செய்தி போதும். அந்த வெண்டை விலை போனால் உங்கள் அடுத்த செய்தியைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

தமிழில் இருப்பதெல்லாம் நம் ஊருக்கு ஆகாது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு வரும் தவறான ஆலோசனையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. தமிழில் தேடினால் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் முன்னால் வரும். அருமையான தளம். தமிழ்நாடு அரசு 2018-இல் வெளியிட்ட உழவன் செயலியும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான யூடியூப் வீடியோக்களும் உண்டு. மொழி நம்முடையது. மண், மழை, கடை, சட்டம் நான்கும் வேறு.

பட்டம் பார்ப்பதில் தொடங்குவோம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ தமிழ்நாட்டுக்குச் சரி. பினாங்கில் மழை அதிகம் பெய்வது செப்டம்பர், அக்டோபரில். வறண்ட மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். ஆடியில் விதைத்த மிளகாய் இங்கே இளஞ்செடியாக இருக்கும்போதே அடைமழையில் மாட்டும். வேர் அழுகும், தப்பித்த செடியில் காய் அழுகல் வரும். மேலே பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வெட்டவெளியில் போடுகிறவருக்கு இதுதான் முதல் பிரச்சினை.

மண்ணை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டுக் குறிப்புகளில் களர் நிலம், உவர் நிலம், ஜிப்சம் என்று நிறைய வரும். மலேசிய மண் பெரும்பாலும் புளித்த மண், அமிலத்தன்மை கூடுதல். இங்கே போட வேண்டியது சுண்ணாம்பு, உரக்கடையில் ‘காப்பூர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். களருக்குச் சொன்ன ஜிப்சத்தைப் போட்டால் புளிப்பு அப்படியே இருக்கும், போடுகிற உரம் செடிக்கு முழுதாகக் கிடைக்காது.

உரமும் அப்படித்தான். அங்கே யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் என்று தனித்தனியாகக் கணக்குச் சொல்வார்கள். இங்கே கடையில் ‘பச்சை உரம்’, ‘நீல உரம்’ என்று வாங்குகிறோம். பச்சை என்றால் 15:15:15, நீலம் என்றால் 12:12:17 (100 கிராமில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து). யூரியாவில் 100 கிராமுக்கு 46 கிராம் தழைச்சத்து, பச்சையில் 15 கிராம்தான். வீடியோவில் சொன்ன யூரியா எடைக்குப் பச்சையைப் போட்டால் தழைச்சத்து மூன்றில் ஒரு பங்குதான் போகும். பச்சைக்குச் சொன்ன எடையில் யூரியாவைப் போட்டால் செடி கருகும்.

மருந்து விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கும். பாரகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. தமிழில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. இங்கே விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்தும் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்க வேண்டும், லேபிளில் பதிவு எண் இருக்கும். எண் இல்லாத பாட்டிலைக் குழுவில் யார் சிபாரிசு செய்தாலும் நீக்கிவிடுங்கள், அவர் உங்கள் மாமாவாக இருந்தாலும்.

ஆகவே பயிர் எப்படி வளர்கிறது, பூச்சி எப்படி வாழ்கிறது என்பதைத் தமிழ்த் தளங்களில் படித்துக்கொள்ளுங்கள். எப்போது, எவ்வளவு, எந்த மருந்து என்பதை இங்கே கேளுங்கள். விவசாயத் துறையின் மாவட்ட அலுவலகம், வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி வெளியிடும் கையேடுகள், செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) செம்பனை வாரியமான எம்பிஓபியின் துனாஸ் ஆலோசனை அதிகாரிகள் என்று ஆட்கள் இருக்கிறார்கள். தேடும்போது பயிரின் மலாய்ப் பெயரைப் போட்டுத் தேடினால்தான் இந்த ஊர்த் தகவல் வரும். வெண்டைக்கு ‘பெண்டி’, கத்தரிக்கு ‘தெரோங்’, பயற்றங்காய்க்கு ‘காச்சாங் பாஞ்சாங்’. இரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்கு, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக இயற்கை விவசாயத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து வருகிறது. இந்த மழைக்கும் மண்ணுக்கும் பழகிய ஆலோசனை அது.

குழுவை அமைக்கும் விதம்

சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பயிர், பக்கத்துப் பக்கத்துக் கம்பம் (கிராமம்), ஒருவரை ஒருவர் தெரிந்த பெண்கள். நடத்துபவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்மின் ஆணாக மட்டும் இருக்கும் குழுவில் பெண்கள் படிப்பார்கள், கேட்க மாட்டார்கள்.

முதல் நாளே சில விதிகளைச் சொல்லிவிடுங்கள். குழுவில் இருக்கும் பெண்களுக்கு அவர்களைக் கேட்காமல் யாரும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. மருந்தோ உரமோ விற்பவர் ஆலோசனை சொல்லலாம், ஆனால் தான் விற்பவர் என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை, கிராந்து படங்களைக் குழுவில் போடக் கூடாது. ‘மாதம் இவ்வளவு போட்டால் மிளகாய்த் தோட்டத்தில் பங்கு’ என்று வரும் முதலீட்டு விளம்பரங்களை அன்றே அழித்துவிடுங்கள்.

செய்தி குரலில் போகட்டும், ஒரு நிமிடத்துக்குள். ஒரு குரல் செய்தியில் ஒரே ஒரு செய்தி. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், டேட்டாவும் அதிகம் தின்னாது. நீண்ட பிடிஎப் கையேடு அனுப்பினால் யாரும் திறப்பதில்லை, அனுப்பியவருக்குத்தான் திருப்தி. நேரம் அவர்கள் முதலில் சொன்ன நேரமாக இருக்கட்டும், தினமும் ஒரே நேரத்தில் வரட்டும். பதில் வராவிட்டால் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். நம் பெண்களில் பலர் குழுவில் பேசமாட்டார்கள், பசாரில் பார்க்கும்போது வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிப்பார்கள்.

வீடியோ செய்வதென்றால் உங்கள் பக்கத்து அக்காவையே படம் பிடியுங்கள். 2006-இல் பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிப் பிறகு தனி அமைப்பான டிஜிட்டல் கிரீன் இந்திய கிராமங்களில் செய்தது இதுதான். அந்தந்த ஊர் விவசாயியே செய்து காட்டுவார், அதைச் சின்னக் கூட்டமாக உட்கார வைத்துக் காட்டுவார்கள். ஒருவர் நடுநடுவே வீடியோவை நிறுத்தி ‘இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்பார். அந்த நிறுத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. சுங்கை பாக்காப் அக்கா தன் வேலி ஓரத்தில் நின்று “நான் இதை இப்படித்தான் கட்டினேன்” என்று சொன்னால், கோட்டு போட்ட நிபுணர் சொல்வதைவிட அது எடுபடும்.

இலை சுருண்டால்: படத்தை வைத்து நோய் பார்ப்பது

குழுவுக்கு அதிகமாக வரப்போகும் கேள்வி இதுதான்: மிளகாய் இலை சுருண்டிருக்கும் ஒரு படம், கீழே “இது என்ன?”. பிளான்டிக்ஸ் மாதிரியான செயலிகளும் கூகுள் லென்ஸும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடும். அதை நம்பிக் கடைக்கு ஓடும் முன், மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். இரண்டுக்கு மருந்து வேறு வேறு, மூன்றாவதுக்கு மருந்தே இல்லை.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து நுனிக் கொழுந்தைத் தட்டுங்கள். மெல்லிய கோடு போன்ற சின்னப் பூச்சிகள் தாளில் ஓடும். இலை கீழ்நோக்கிச் சுருண்டு, நீண்டு, கொழுந்து இறுகிப்போயிருந்தால் சிலந்திப்பூச்சி. அது கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும். அது பூச்சி இனமே இல்லை என்பதால் பல சாதாரணப் பூச்சிமருந்துகளுக்கு அசையாது. காசு கொடுத்து வாங்கி அடித்தும் போகவில்லை என்ற புலம்பலுக்கு இதுவே பாதிக் காரணம். இலை சின்னதாகி, மஞ்சள் ஓடி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் மற்ற செடிகளைக் காப்பாற்றும் வழி. பிடுங்க மனசு வராது. “இது அடுத்த செடிக்குப் போகும் அக்கா” என்று யாராவது சொல்ல வேண்டும், அதற்காகத்தான் குழு.

அதனால் படம் எடுக்கும் முறையைக் குழுவின் முதல் பாடமாக வையுங்கள். முழுச் செடி ஒன்று, பாதித்த இலையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, பக்கத்துச் செடிகளோடு சேர்த்து ஒன்று. இலைக்குப் பக்கத்தில் 20 சென் காசு ஒன்றை வைத்தால் அளவு தெரியும். நேர்வெயிலில் எடுக்காமல் உடம்பால் நிழல் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். படத்தோடு குரலில்: நட்டு எத்தனை வாரம், கடைசியாக என்ன அடித்தீர்கள், எப்போது மழை பெய்தது. இவ்வளவும் இருந்தால் மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினாலும் அவரால் ஏதாவது சொல்ல முடியும். மங்கலான ஒற்றை இலைப் படத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு, அவற்றைப் பெண்கள் தாங்களே முடிவெடுத்துச் செய்யலாம், யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் பிளாஸ்டிக்கில் கிரீஸ் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும். நீல நிறம் இலைப்பேனை இழுக்கும். சில்வர்ஷைன் பிளாஸ்டிக்கைத் தரையில் விரித்தால் வெளிச்சம் அடியிலிருந்து திரும்பி அடிப்பதால் பூச்சி வந்து உட்காரத் தயங்கும்.

ஏஐயிடம் கேட்பது

சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் இப்போது தமிழில் பேசுகின்றன. வேண்டாம் என்று சொன்னாலும் இளையவர்கள் கேட்கத்தான் போகிறார்கள், ஆகவே சரியாகக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். வெறுமனே ‘மிளகாய் இலை சுருட்டைக்கு என்ன மருந்து’ என்று கேட்டால் இந்தியச் சந்தையில் இருக்கும் பெயர்களை அடுக்கும், அளவையும் தயங்காமல் சொல்லும். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இப்படிக் கேளுங்கள்:

“நான் மலேசியா, பினாங்கு, நிபோங் தெபாலில் இருக்கிறேன். பாலிபேக்கில் தேங்காய் நார்த்தூளில் மிளகாய், நட்டு 6 வாரம். நுனி இலை கீழ்நோக்கிச் சுருள்கிறது, பூ உதிர்கிறது. பதில் சொல்லும் முன் செடியில் நான் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேள். மருந்தின் பெயரும் அளவும் சொல்ல வேண்டாம்.”

நல்ல கேள்விகள் திரும்பி வரும். செடியிடம் போய்ப் பார்க்க வைக்கும் உதவியாளாக அதை வைத்துக்கொள்ளலாம். அளவு மட்டும் லேபிளில் இருந்துதான், வேறு எங்கிருந்தும் எடுக்க வேண்டாம். பேச்சில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வருவது நமக்குப் பழக்கம். குரலில் கேட்கும்போது அது சில சொற்களைத் தப்பாகப் பிடிக்கும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

லேபிள் கணக்கையும் ஒருநாள் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். 10 லிட்டருக்கு 10 மில்லி என்றால் 16 லிட்டர் முதுகுப் பம்புக்கு 16 மில்லி. இது சுலபம். ஹெக்டருக்கு 1 லிட்டர் மருந்து, 450 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தால்? 1,000 மில்லியை 450-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 2.2 மில்லி, ஒரு பம்புக்கு ஏறக்குறைய 35 மில்லி. பாட்டில் மூடியால் அளக்கும் பழக்கத்தை நிறுத்தி, பார்மசியில் ஒரு ஊசிக்குழாய் வாங்கி மருந்துக்கென்றே தனியாக வைக்கச் சொல்லுங்கள். தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். அதைத் தாண்டாமல் பறித்த கீரையைத்தான் வீட்டில் பிள்ளைக்கும் சமைக்கிறோம். தேசிய நச்சு மையம் நம் ஊரிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் எண்ணைக் குழு விவரத்தில் போட்டு வையுங்கள்.

தெளிக்கலாமா என்ற கேள்விக்கு வானிலைத் துறையின் மைகுவாச்சா செயலி போதும். காலையில் பார்த்து ஒரே வரி குரலில் சொல்லும் வேலையை ஓர் இளைஞரிடம் கொடுங்கள்.

விலை

வேளாண் சந்தை வாரியமான ஃபாமா தினமும் பண்ணை விலை, மொத்த விலை, சில்லறை விலை மூன்றையும் வெளியிடுகிறது. பண்ணை விலையைப் பறிக்கும் நாளுக்கு முந்தின மாலை குழுவில் சொல்லிவிட்டால் போதும். வாசலுக்கு வரும் வியாபாரியிடம் அக்கா பேசும் தோரணையே மாறும்.

செம்பனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். குலை எடையில் எத்தனை சதவீதம் எண்ணெயாகும் என்பதுதான் எண்ணெய்ப் பிழிவு. அதில் 1 சதவீதத்துக்கு டன் குலையின் விலை என்ன என்று எம்பிஓபி வெளியிடுகிறது. அது 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். உங்கள் குலையை 19 சதவீதம் என்று கணித்தால் டன்னுக்கு 760 வெள்ளி, 18 என்றால் 720. காயாக வெட்டிய குலை கலந்தால் இந்தச் சதவீதம்தான் இறங்கும். லாரிக்காரர் சொல்லும் விலையை இதோடு ஒப்பிட்டுப் போக்குவரத்துக் கழிவைத் தனியாகக் கேளுங்கள்.

இளையவர்களுக்கு என்ன வேலை

அப்பா நிலத்தில் அப்பா சொன்னபடி என்றால் எந்தப் பிள்ளையும் நிற்க மாட்டான். அவனுக்கு ஒரு வரிசை, 20 பை, தனிக் கணக்கு. விற்ற காசு அவனுடையது, நஷ்டமும் அவனுடையது. ட்ரோன் கண்காட்சிக்கு அழைத்துப் போவதைவிட இது வேலை செய்யும். டெலிவரி ஓட்டிக்கொண்டே செடி வளர்க்கும் பெண் பிள்ளைகளும் பையன்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீளமான பாடம் எடுக்காதீர்கள். குழுவில் பொறுப்பு கொடுங்கள்: வானிலை, விலை, படங்களைத் தேதிவாரியாகச் சேமிப்பது. முடிந்தால் டாப் அப் காசாவது கொடுங்கள். இலவசச் சேவை என்பது கொஞ்ச நாளில் சலித்துவிடும். கைப்பேசியே பிடிபடாத பெரியவர்களை அருகிலிருக்கும் அரசாங்கத்தின் ‘நாடி’ இணைய மையத்துக்கு அழைத்துப் போங்கள். முன்பு பெடி என்று இருந்தது, இலக்கவியல் பயிற்சி அங்கே கிடைக்கும்.

வாரம் ஒருமுறை விசாரிப்பு, பிறகு நோட்டுப் புத்தகம்

வாரக் கடைசியில் இரண்டே கேள்வி, தனித்தனியாகப் போனில்: “சொன்னதைச் செய்தீர்களா? இல்லையென்றால் எது தடுத்தது?” வரும் பதில்தான் உங்கள் ஆலோசனைக்கு மார்க். பம்பு இல்லை, வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், குழந்தைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை. பம்பு இல்லை என்று மூன்று பேர் சொன்னால், அடுத்த ஆலோசனை எழுதுவதை நிறுத்திவிட்டுக் குழுவுக்குப் பொதுவாக ஒரு பம்பு வாங்குங்கள்.

ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைக்கட்டும்: விதைத்த நாள், உரம், தெளித்த மருந்தும் தேதியும், பறித்த எடை, விற்ற காசு. முதல் பக்கத்தில் அவர் பெயரே இருக்கட்டும், கணவர் பெயர் வேண்டாம். வாரம் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டால் நோட்டு நனைந்தாலும் கணக்கு போகாது. நல்ல வேளாண் நடைமுறைக்கான மைகேப் சான்றிதழ் கேட்கும்போது இந்தப் பதிவுகள்தான் முதலில் தேவைப்படும். உழவர் அமைப்பில் உறுப்பினராகவும், அக்ரோபேங்கில் சிறுகடன் பேசவும், நான் விவசாயி என்று ஒரு பெண் காட்டக்கூடிய தாள் பல வீடுகளில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 18 முதல் 40 வயதுக்காரர்களுக்கான இளம் வேளாண் தொழில்முனைவோர் மானியம் 20,000 ரிங்கிட் வரை என்று அறிவிக்கப்பட்டது. இந்த ஆண்டின் நிபந்தனைகளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

மாவட்ட விவசாய அலுவலகத்துக்குப் போகும்போது தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போங்கள். அடையாள அட்டை நகல், நோட்டு, செடிப் படங்கள், நிலம் வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். விவசாயத் துறையின் கீழ்ப் பெண்களுக்கென்றே விரிவாக்கக் குழுக்கள் உண்டு. உங்கள் குழுவை அதில் சேர்க்க முடியுமா என்றும், அதிகாரி ஒருமுறை தோட்டத்துக்கு வருவாரா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் போகாதீர்கள், தொழுகை இடைவேளை முடிந்து கவுண்டர் திறக்க மூன்று மணி ஆகிவிடும்.